கள்ளத்தாளும் கடைசிக் கையும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும்; சொன்ன சொல் தவறாத ஒழுக்கத்தையும் குறிக்கும். ஒருவரை நாணயமானவர் என்று சொல்லும்போது அவரிடம் காசு இருக்கிறதா என்பதை எவரும் ஆராய்வதில்லை. உலகியலிற் பெரும்பாலும் ஒன்றோடொன்று முரணி நிற்கும் இவ்விரு பொருள்களும் ஒரு சொல்லில் எவ்வாறு குடிகொண்டன என்று சென்ற ஆண்டு ஒரு மாணவி வகுப்பில் வினவினாள். அன்று நான் கூறிய விடை சொல்லாராய்ச்சியோடு நின்றுவிட்டது. அதன் மிகுதியைக் கொழும்புத்துறை இறங்குதுறைக்குப் போகும் வீதியோரத்தில் மீன் விற்கும் முதிய பெண்ணொருவர் எனக்குக் கற்பித்தார்.

கொழும்புத்துறை, யாழ்ப்பாண நகரின் கிழக்கு ஓரத்திற் கடல்நீரேரியைத் தொட்டுக் கிடக்கும் ஊர். எதிர்க்கரை பூநகரி. ஒரு காலத்தில் வன்னிக்கும் குடாநாட்டுக்கும் இடையே போக்குவரத்துச் செய்த வள்ளங்கள் அணைந்த துறை இது. இன்று சிறுதொழில் செய்வோரின் வள்ளங்களே மிகுதி. அப்பெண் விடியுமுன் பாசையூருக்குச் சென்று, கூறல் விலைக்கு மீன் எடுத்து, கடகத்திற் சுமந்து வந்து விற்பவர். ஒருநாட் காலை பாடசாலைக்குப் புறப்பட்ட என்னை மறித்து, இடுப்பிலிருந்த கொட்டைப்பெட்டியைத் திறந்து, ஆயிரம் ரூபாய்த் தாளொன்றை நீட்டினார்.

"மாஸ்ரர், இந்தத் தாளை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. கடைக்காரன் வேண்டமாட்டன் எண்டு திருப்பித் தந்திட்டான்."

வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நல்ல தாளை ஒளியிற் பிடித்தால் மாத்திரமே தோன்றும் பறவையின் உரு, இதிற் பிடிக்காமலே மங்கிய சாம்பல் மையிற் தெரிந்தது. விரலாற் தடவினால் எழுத்துகள் புடைத்து நிற்கவில்லை. கள்ளத்தாள் என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. முதல்நாள் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நானூறு ரூபாய்க்கு மீன் வாங்கி, அறுநூறு ரூபாய் மீதியும் பெற்றுச் சென்றிருக்கிறார். "காசு கள்ளக்காசெண்டால் சரி தம்பி, நான் குடுத்த மீன் கள்ள மீன் இல்லையே" என்றார் ஆச்சி.

பொருளியல் நூல்கள் பல பக்கங்களிற் கூறுவதை இவ்வொரு வாக்கியம் கூறிவிடுகிறது. மீன் உண்மை, அதைப் பிடித்தவனின் இராவிழிப்பு உண்மை, சுமந்த தலையின் பாரம் உண்மை, திருப்பிக் கொடுத்த அறுநூறு ரூபாயும் உண்மை. இவ்வளவு உண்மைகளுக்கும் ஈடாக அவர் கையில் எஞ்சியது ஒரு பொய். இப்பொய்யைத் தடுப்பதற்கு நாடுகள் தம்முள் எல்லைகளைக் கடந்து எத்துணை ஒற்றுமையோடு உழைக்கின்றன என்பதையும், அவ்வொற்றுமை ஏன் இந்த ஆச்சியின் கடகம்வரை வந்து சேர்வதில்லை என்பதையும் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எக்காலத்திலும் கள்ளக்காசு ஒரே வகையான குற்றமாக இருந்ததில்லை. 1660இல் இலங்கையிற் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தப்பிச் சென்ற பின் 1681இல் வெளியிட்ட நூலில் அங்கு வழங்கிய காசுகளைப் பற்றிக் கூறும் செய்தி வியப்புக்குரியது. தூண்டிலைப்போல் வளைந்த ஒரு வெள்ளிக் காசு இருந்ததாம். அரசனின் அனுமதியோடு அதை எவரும் செய்யலாம். விரும்பிய முத்திரையை அதிற் பொறிக்கலாம். வெள்ளியின் தூய்மையில் ஐயம் எழுந்தால், காசை நெருப்பிற் செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் இடுவர். தூய வெண்மையாய் வெளிவந்தாற் செல்லும், இல்லையேற் செல்லாது. பாரசீகத்து லார் நகரின் பெயரால் லாரின் எனப்பட்ட காசின் இலங்கை வடிவம் இது. பாரசீக வளைகுடாத் துறைகளிலும், இந்தியாவின் மேற்குக் கரையிலும், மாலைதீவிலும், இலங்கையிலும் அக்காலத்து வணிகர் லாரினைக் கொடுத்து வாங்கினர். பல அரசர்களின் நாடுகளுக்குப் பொதுவான காசு. ஆயினும் அதனைக் காக்க ஒரு பொது உடன்படிக்கை இருக்கவில்லை.

அது தேவைப்படாமைக்குக் காரணம் உண்டு. அக்காசில் 'யார் செய்தது' என்ற வினாவுக்கு இடமில்லை; 'எதனாற் செய்தது' என்பதே வினா. சோதனைச் சாலையோ எல்லோர் வீட்டிலும் இருந்தது. ஓர் அடுப்பும் ஒரு சட்டி நீரும் போதும். சங்கப் புலவர் சிலரின் பெயர்களோடு வண்ணக்கன் என்னும் அடைமொழி சேர்ந்து வருவதைத் தமிழ் படித்தோர் அறிவர். நாணயத்தை நோட்டம் பார்ப்பவன் என்பது அதன் பொருள். அத்தொழிலாளி புலவனாகவும் இருந்த சமுதாயம் நம்முடையது. காசின் உண்மையை அறியும் திறன் அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று எனலாம்.

முத்திரையின் மதிப்பு வளர்ந்தபோது நிலைமை மாறிற்று. நமது குடாநாட்டின் ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகளில் நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் உள்ளன. இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசுகளே அவை என்று முன்னைய அறிஞர் சிலர் கொள்ள, சுவாமி ஞானப்பிரகாசர் முதலியோர் அவை யாழ்ப்பாண மன்னர்க்கு உரியவை என எடுத்துக்காட்டினர். பாக்கு நீரிணையின் எக்கரைக்குரிய காசு என்பதிலேயே ஆய்வாளர் மயங்கும் அளவுக்கு இரு கரைகளும் கலந்து கிடந்தன. பிற்காலத்தில் அக்கலப்பு சட்டமாகவே ஆயிற்று. 1869இல் இந்திய வெள்ளி ரூபாய் இலங்கையின் சட்டபூர்வ நாணயமாக்கப்பட்டது; 1872 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது. நாகபட்டினத்திற் செலவான அதே வெள்ளி ரூபாய் யாழ்ப்பாணத்துச் சந்தையிலும் செலவாயிற்று. இரு கரைகளையும் ஆண்டது ஒரே முடியாதலால், நாடுகளிடையே ஒத்துழைப்பு என்ற பேச்சுக்கே அன்று தேவை எழவில்லை. 1950இல் இலங்கை மத்திய வங்கி தோன்றியதோடு நம் ரூபாய் தனிவழி கண்டது.

இவ்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி என் வாதத்துக்கு இன்றியமையாதது. 1884 மே மாதத்தில், நாடெங்கும் தாள் வெளியிட்டிருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. கோப்பித் தோட்டங்கள் இலைநோயால் அழிந்துகொண்டிருந்த வேளை அது. வங்கியின் தாள்களை வைத்திருந்தோர் கலங்கி நின்றபோது, ஆளுநர் சேர் ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று உத்தரவாதம் அளித்தார். அதன்பின்னரே தாள் வெளியிடும் உரிமையை அரசு தன் கையில் எடுத்தது. ஆளுநர் ஏழைகளின் கண்ணீரைக் கண்டு உருகினார் என்று நான் சொல்லவில்லை. தோட்டத் துரைமாரின் வாணிபம் நின்றுவிடக் கூடாதென்பதே அவர் கவலையாக இருந்திருக்கலாம். எனினும், தாளை நம்பி வாங்கியவன் தன் பிழையின்றி நட்டப்படலாகாது என்னும் கொள்கை, ஒரு குடியேற்ற ஆட்சியாளராலேயே இந்நாட்டில் ஒருமுறை ஏற்கப்பட்டிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தாளுக்கு அடுப்புச் சோதனை செல்லாது. வெள்ளி நெருப்பில் வெளுக்கும், தாள் சாம்பலாகும். தாளின் மதிப்பு அதன் பொருளில் இல்லை. வெளியிட்டவர் தந்த வாக்கில் இருக்கிறது. ஆகவே 'யார் செய்தது' என்ற வினாவே இங்குத் தலைமை பெறுகிறது. முகமறியாத கோடிக்கணக்கானோர் ஒருவரையொருவர் நம்புவதற்கு இட்ட கையெழுத்தே தாள். பணம் பொருளன்று, மனிதரிடையே உள்ள உறவு என்று மார்க்சியர் கூறுவது இதனையே. நாணயம் என்ற சொல்லின் இரு பொருள்களும் சந்திக்கும் இடமும் இதுவே என்று அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

இவ்வுறவு நாட்டு எல்லையோடு நிற்பதில்லை என்பதை உலகம் ஓர் இழிவான சம்பவத்தின் வழியாக உணர்ந்தது. முதல் உலகப் போரில் தோற்று, 1920ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் பெருநிலப்பரப்பை இழந்த ஹங்கேரியிற் சில 'தேசபக்தர்கள்' பிரான்சைப் பழிவாங்க விரும்பினர். அவர்கள் கண்ட வழி, ஆயிரம் பிராங்க் தாள்களைப் போலியாக அச்சிடுவது. அச்சிட்ட இடம் அரசின் நிலப்பட நிலையம். உடந்தையாயிருந்தோரில் ஒருவர் நாட்டின் பொலிஸ் தலைவர். இன்னொருவர் இளவரசர் பட்டம் உடையவர். 1925 டிசம்பரில் ஒல்லாந்தின் ஹேக் நகரில் ஒரு கேணல் அத்தாளை மாற்ற முயன்றபோது பிடிபட்டார். மறு ஆண்டு நடந்த வழக்கில் இளவரசருக்கும் பொலிஸ் தலைவருக்கும் கிடைத்த தண்டனை சில ஆண்டுச் சிறையே. நாட்டுக்காகச் செய்தார்கள் என்ற அனுதாபம் அவர்களைச் சூழ்ந்து நின்றது.

பிரான்சு 1926இல் இவ்விடயத்தை ஜெனீவாவிலிருந்த சர்வதேச சங்கத்தின் முன் வைத்தது. அதன் பயனாக 1929 ஏப்ரில் 20ஆந் திகதி நாணயப் போலியாக்கத்தை ஒடுக்கும் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதன் உயிர்நாடியான விதி, தன் நாட்டு நாணயத்தைப் போலியாக்குவோனையும் பிற நாட்டு நாணயத்தைப் போலியாக்குவோனையும் தண்டனையில் வேறுபடுத்தலாகாது என்பது. இதன் புதுமையை உணர, அதற்கு முன்னிருந்த சட்டத்தைப் பார்க்கவேண்டும். இந்தியாவின் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, ஏதேனும் ஒரு நாணயத்தைப் போலியாக்குவோனுக்கு ஏழாண்டுவரை சிறை என்றது. அரசியின் நாணயத்தைப் போலியாக்கினாலோ தண்டனை ஆயுள்வரை நீளும். 1883இல் வந்த இலங்கைக் கோவையும் அதனை முன்மாதிரியாகக் கொண்டதே. அயலான் காசைத் திருடுவது சிறிய பாவம், நம் அரசியின் காசைத் திருடுவது பெரிய பாவம் என்ற இந்த ஊர்ப்பற்றை ஜெனீவா கைவிட்டது. குற்றவாளியை ஒப்படைத்தல், ஒவ்வொரு நாட்டிலும் இதற்கென ஒரு மத்திய அலுவலகம், அலுவலகங்களிடையே நேரடித் தொடர்பு என்பனவும் அவ்வுடன்படிக்கையில் இடம்பெற்றன.

தொழிலாளரின் சர்வதேசியத்தைக் கண்டு நடுங்கிய அரசுகள், தாளின் சர்வதேசியத்தை அதிகத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டன என்று கேலி பேசுவது எளிது. நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனால் இந்த ஒத்துழைப்பு வேண்டாதது என்று எவரும் கொள்ளலாகாது. பெருவணிகன் தன் பணத்தை வங்கிக் கணக்கில் வைத்திருக்கிறான். நாட்கூலி பெறுவோனே தாளாக வைத்திருக்கிறான். கள்ளத்தாள் பெருகினால் முதலில் அடிபடுவது அவனே. ஆதலால் கள்ளத்தாளுக்கு எதிரான ஒவ்வொரு நல்ல முயற்சியும் அவனுக்கும் பாதுகாப்பே. 2002 ஜனவரியிற் புழக்கத்துக்கு வந்த யூரோவே இன்று இத்துறையின் பெரிய எடுத்துக்காட்டு. எத்தனையோ தலைமுறைகள் ஒன்றையொன்று கொன்று குவித்த நாடுகள் ஒரே தாளைக் கையிலெடுத்தன. போலித்தாளைக் கண்டால் வங்கிகள் அதைத் தடுத்துவைத்து அறிவிக்கவேண்டும் என்ற பொதுச் சட்டம் 2001இலேயே இயற்றப்பட்டது. யூரோவுக்கான மத்திய அலுவலகமாக ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பு நியமிக்கப்பட்டது. லிஸ்பனிற் பிடிபட்ட தாளின் மையைப் பற்றிய செய்தி ஹெல்சிங்கியை எட்டுகிறது. போற்றத்தக்கதே. ஆனால், ஏமாந்து கள்ளத்தாளை வாங்கிய ஐரோப்பியர் அதை நேர்மையோடு ஒப்படைத்தால் அவருக்குத் திரும்பக் கிடைப்பது என்ன? ஒன்றுமில்லை. அத்துணை வளமிக்க அமைப்பும் இவ்விடத்திற் கைவிரித்துவிடுகிறது.

இங்கு ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொண்டு மேற்செல்லல் வேண்டும். போலியாக்குதல் எதனால் தீது? அது பொய் என்பதனாலா? அடொல்ப் பேர்கர் என்ற சுலோவாக்கிய அச்சுத் தொழிலாளி, நாசிகளின் வேட்டையிலிருந்து யூதரைக் காக்கப் போலி ஞானஸ்நானப் பத்திரங்களை அச்சிட்டார், 1942இற் கைதானார். பின்னர் ஜேர்மனியின் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில், தனித்து அடைக்கப்பட்ட இரு தொகுதிகளில், ஏறத்தாழ 140 யூதக் கைதிகளோடு பிரித்தானியப் பவுண் தாள்களைப் போலியாக்கும் வேலையில் அமர்த்தப்பட்டார். செய்தவர் எஸ்.எஸ். படையினர். ஓர் அரசே கள்ளத்தாள் அடித்தது. அத்தாள்களின் நேர்த்தி காரணமாக இங்கிலாந்து வங்கி 1943இல் ஐந்து பவுணுக்கு மேற்பட்ட தாள்களைக் கைவிட நேர்ந்தது.

ஒரே மனிதர், ஒரே கைத்திறன். முதலிற் செய்ததும் போலி. பின்னர்ச் செய்ததும் போலி. ஞானஸ்நானப் பத்திரம் கொலைகாரனை ஏமாற்றியது. எவரிடமிருந்தும் எதனையும் பறிக்கவில்லை. பவுண் தாளோ முகமறியாத யாரோ ஒருவரின் உழைப்பை வெறுங்கையோடு வாங்கிவந்தது. வள்ளுவர் வாய்மைக்கு வகுத்த இலக்கணம் தீமையின்மையை அளவுகோலாகக் கொண்டது என்பதை நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அவ்வளவுகோல் இங்குச் சரியாகப் பொருந்துகிறது. கள்ளத்தாளின் தீமை அதன் பொய்ம்மையில் முடிவதில்லை; நட்டம் யார் தலையில் விடிகிறது என்பதிலேயே அது முழுமை பெறுகிறது. அப்படியாயின், போலியாக்குவோனைப் பிடிப்பதோடு அறம் நிறைவேறிவிட்டதென்று எவ்வாறு கூறமுடியும்?

கள்ளத்தாள் கைமாறும் விதத்தைக் கவனியுங்கள். அச்சிட்டவன் மொத்தமாக விற்கிறான். வாங்கியவன் சில்லறை வேண்டி, சோதித்துப் பார்க்க நேரமோ கண்பார்வையோ கருவியோ இல்லாதவரைத் தேடுகிறான்: மாலை மங்கலிற் காய்கறி விற்பவர், நெரிசலிற் பயணச்சீட்டு எழுதுபவர், மீன் விற்கும் ஆச்சி. வங்கியிற் கருவி உண்டு. பெரிய கடையில் ஊதாநிற விளக்கு உண்டு. அங்கே தாள் பிடிபடும், உடனே திரும்பிவரும். கருவியில்லாத கையிலேயே அது தங்கும். அந்தக் கடைசிக் கைக்கு முன்னால் மூன்று வழிகள் உள்ளன: கிழித்தெறிவது, ஒப்படைப்பது, இன்னொருவர் தலையிற் கட்டிவிடுவது. முதலிரண்டாலும் ஒரு நாளின் உழைப்பு போகும். மூன்றாவது குற்றம்.

பழைய சட்டத்துக்கு இந்த மனிதரை ஓரளவு தெரிந்திருந்தது. வாங்கும்போது அறியாமல், பின் அறிந்து, கள்ள நாணயத்தை மற்றவரிடம் கொடுத்தவனுக்கு 1860ஆம் ஆண்டுக் கோவை தனியாக ஒரு பிரிவு வகுத்தது. இரண்டாண்டுவரை சிறை, அல்லது நாணய மதிப்பின் பத்துமடங்குவரை அபராதம், அல்லது இரண்டும். இவன் கொள்ளைக்காரன் அல்லன், தன் நட்டத்திலிருந்து தப்ப முயன்று வழுக்கியவன் என்ற விளக்கம் அதிலிருந்தது. 1899இல் நாணயத்தாள்களுக்கெனப் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டபோது அவ்விளக்கம் விடுபட்டது. அறிந்தே தாளைப் பயன்படுத்துவோன் எவனாயினும் ஆயுள்வரை தண்டிக்கப்படலாம். வெள்ளிக்கு இருந்த இரக்கம் தாளுக்கு இல்லாமற் போயிற்று.

கையில் இருந்தமையே குற்றம் என்ற பார்வை நமக்குப் புதியதன்று. சோழநாட்டிலிருந்து பாண்டியநாட்டுக்கு வந்த கோவலன் விற்க முயன்ற சிலம்பு, அரசியின் சிலம்பைப்போல் இருந்தது. அயல்நாட்டான், கையிற் பொருள், ஒருவனின் குற்றச்சாட்டு, இவ்வளவே. பரல் மாணிக்கமா முத்தா என்ற ஒரே சோதனையை எவரும் செய்யவில்லை. சோதனை நடந்தது; ஆனால் அவன் இறந்த பின்னர், அதுவும் அவன் மனைவி அதனை உடைத்தபோது. அரண்மனைப் பொருளைக் காப்பதில் அத்துணை விரைவு காட்டிய அரசு, பொருளை வைத்திருந்தவனைக் காப்பதில் ஒரு நாழிகைகூடச் செலவிடவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 2016 நவம்பர் 8ஆந் திகதி இரவு, இந்திய அரசு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவித்தது. கூறப்பட்ட காரணங்களுள் கள்ளத்தாளும் ஒன்று. இந்திய ரூபாய் இந்தியாவுக்குள் மாத்திரம் புழங்குவதன்று. பூட்டானில் அது சட்டபூர்வமாகச் செல்லும். நேபாளத்தில், எல்லையோரச் சந்தைகளிலும் இந்தியாவிற் கூலிவேலை செய்து திரும்புவோர் வீடுகளிலும் அதுவே சேமிப்பு. ஒருவர் இருபத்தையாயிரம் ரூபாய்வரை அப்பெருந்தாள்களை வைத்திருக்கலாம் என 2015இல் இரு நாடுகளும் இசைந்திருந்தன. நேபாளக் கூலியாள் வைத்திருந்தது கள்ளத்தாள் அன்று. மெய்யான தாள், சட்டத்துக்கு உட்பட்ட தொகை. ஆயினும் ஒரே இரவில் அது கள்ளத்தாளுக்கு நிகராயிற்று. மாற்றித்தருமாறு நேபாளம் விடுத்த வேண்டுகோள் ஆண்டுகள் கடந்தும் தீராமற் கிடந்தது. இந்தியாவுக்குள்ளோ, தடைசெய்யப்பட்ட தாள்களில் 99.3 வீதம் வங்கிகளுக்குத் திரும்பிவந்துவிட்டன என்று அந்நாட்டு றிசேர்வ் வங்கியே 2018இல் அறிவித்தது. அழிக்கப்படவிருந்த கறுப்புப் பணம் எங்கே என்று கேட்பவர் கேட்கட்டும். நேபாளத்து மலைக்கிராமத்துப் பெட்டிகளிற் கிடந்த தாள்கள் திரும்பிவராதவற்றுள் அடங்கும் என்பதே என் கவலை.

நாணயம் எல்லை கடந்து பொதுவாகலாம், அதைக் காக்கும் பொலிஸ் பொதுவாகலாம், சட்டமும் பொதுவாகலாம். நட்டம் மட்டும் தனியுடைமையாக இருக்கவேண்டும் என்பது எந்த அறம்? தாளை அச்சிடும் செலவு அதன் முகப்பில் எழுதிய தொகையில் ஒரு சிறு துளியே. மிகுதி, வெளியிடுவோருக்கு ஆதாயமாகின்றது. மக்களின் நம்பிக்கையிலிருந்து பிறக்கும் ஆதாயம் அது. அந்நம்பிக்கை உடையும் இடத்தில் ஏற்படும் நட்டத்தில் ஒரு பங்கை அவ்வாதாயமே ஏற்பது நியாயமன்றோ?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலிமையானதுமாகும். கள்ளத்தாளுக்கு ஈடு கொடுத்தால் அச்சிட்டவனே முதலில் வரிசையில் வந்து நிற்பான் என்பர். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது கணித ஆசிரியரான நண்பர் எழுப்பிய வினாவும் இதுவே. வரம்பின்றி ஈடு கொடுக்க நானும் சொல்லவில்லை. ஒரு நாட்கூலியின் அளவுக்கு, ஆண்டில் ஒருமுறை, வாக்குமூலத்தோடு ஒப்படைப்பவருக்கு ஈடு கொடுத்தால் எந்த அச்சகமும் அதனாற் செழிக்காது. மாறாக, இன்று மறைவாகக் கைமாறும் தாள்கள் வெளியே வரும். தடம் பிடிக்க முயலும் பொலிசாருக்கும் அதுவே வழி. நண்பர் முழுதாக உடன்படவில்லை. பொய் வாக்குமூலங்கள் பெருகும் என்றார். பெருகக்கூடும். இப்போது மட்டும் உண்மை வாக்குமூலங்கள் வந்து குவிகின்றனவா?

இவ்வளவும் எழுதுவதற்கு எனக்குள்ள தகுதியைப் பற்றி ஒரு சொல். பல்கலைக்கழகத்தில் முதலாண்டில் இருந்தபோது, என் கைக்கும் ஒரு கள்ளத்தாள் வந்தது. ஐந்நூறு ரூபாய். எங்கே வாங்கினேன் என்று தெரியவில்லை. கள்ளத்தாள் என்பது மட்டும் தெரிந்திருந்தது. இரவு பஸ்ஸில், விளக்கு மங்கலாக இருந்த பின்பக்கத்தில், நெரிசலுக்குள் நின்று அதை நீட்டினேன். நடத்துநருக்கு என்னைப்போல் வயது. பார்க்காமலே வாங்கி, மீதியை எண்ணித் தந்தார். மாலையில் முதலாளியிடம் கணக்கு ஒப்புவிக்கும்போது அது அவர் சம்பளத்திற் கழிக்கப்பட்டிருக்கும். அப்போது எனக்குச் சங்க இலக்கியப் பாடத்தில் அதிக மதிப்பெண்.

ஆகவே அன்று ஆச்சியின் தாளை வைத்துக்கொண்டு நின்றபோது, பொலிசிற் கொடுங்கள் என்ற சரியான விடையைச் சொன்ன பிறகு, என் சட்டைப்பையிலிருந்து ஆயிரம் ரூபாய்த் தாளொன்றை எடுத்து நீட்டினேன். அவர் முகம் சுருங்கிற்று. தருமம் அன்று என்றேன். நானும் ஒருமுறை இப்படி ஒரு தாளை இன்னொருவர் தலையிற் கட்டினேன், அந்தக் கடன் கிடக்கிறது என்றேன்.

"ஆரின்ரை தலையிலை?"

"ஒரு பஸ் கொண்டக்டரின்ரை, ஆச்சி."

"அப்ப அந்தப் பொடியனிட்டையெல்லோ குடுக்கவேணும். எனக்கு ஏன் தாறியள்?"

கள்ளத்தாளையும் அவர் திருப்பி வாங்கவில்லை. பொலிசுக்குப் போனால் எங்கே எடுத்தது என்று கேட்டு இழுத்தடிப்பார்கள், ஒரு நாள் யாவாரம் போய்விடும் என்றார். "நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ தம்பி. படிச்ச ஆக்களை மறிச்சுக் கேக்கமாட்டினம்."

கேட்டார்கள். நிலையத்தில் இருந்தவர் தாளை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை உமக்குத் தந்தது யார் என்று வினவினார். ஆச்சியின் பெயரைச் சொன்னால் அவரை அழைப்பார்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவரின் அடையாளத்தைக் கேட்பார்கள். ஒருவேளை அவ்வழியே சென்றால் தாள் வந்த இடமும் தெரியவரலாம். இவையெல்லாம் எனக்குத் தெரியும். சந்தையில் மாறிய காசு, யாரென்று தெரியாது என்றேன். எழுதிக்கொண்டார்.

மறுநாட் காலையும் ஆச்சி அதே இடத்திற் கடகத்தை இறக்கிவைத்திருந்தார். ஒருவர் ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினார். சில்லறையாய் இல்லையோ என்று ஆச்சி கேட்டார். இல்லையென்று சொல்லிவிட்டு அவர் அடுத்தவரிடம் மீன் வாங்கப் போனார்.